காரின் மைலேஜ் குறைந்தால்: புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களை எந்த வரிசையில் பார்ப்பது, எவ்வளவு செலவாகும்

லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்துக்கொண்டிருந்த கார் 13-க்கு இறங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பட்டியல் வந்துவிடுகிறது: பிளக் மாத்தணும், இன்ஜெக்டர் கிளீன் பண்ணணும், சென்சார் போயிருக்கும், டீகார்பன் பண்ணிட்டா புதுசு மாதிரி ஓடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் பத்துப் பதினைந்தாயிரம் போன பிறகும் மைலேஜ் அதே 13-ல் நிற்கும். காரணம் எளிது. எந்தப் பாகம் கெட்டது என்று யாரும் பார்க்கவில்லை, மாற்றத்தான் செய்தார்கள்.

புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்களும் மைலேஜும் வேறு வேறு விஷயங்கள் இல்லை. என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று கணக்குப் போடும் ஈசியூ, சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுத்தான் அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. சென்சாருக்குத் தப்பான தகவல் போனால் ஈசியூ தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டும். கொட்டிய பெட்ரோல் எரியாமல் பின்னால் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்கானை (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) சுட்டெரிக்கும். ஆகவே பழுது முன்னால் இருக்கும், பெரிய செலவு பின்னால் வரும். முன்னாலிருந்து பின்னால், மலிவிலிருந்து விலை கூடியதற்கு என்று பார்த்துக்கொண்டு போவதுதான் இங்கே சொல்லப்போகும் வரிசை.

இது தமிழ்நாட்டில் ஓடும் பிஎஸ்4, பிஎஸ்6 (அரசின் புகை விதிமுறை நிலைகள்) பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியது. டீசல் கார்க்காரர்கள் 8-ஆம் படியையும் சேர்த்துப் படிக்கவும். விலைகள் எல்லாம் தோராயமானவை, மாடலைப் பொறுத்து ஏறி இறங்கும்.

1. முதலில் மைலேஜை ஒழுங்காக அளந்துகொள்ளுங்கள்

டேஷ்போர்டில் காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம். பல கார்களில் அது உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். ஃபுல் டேங்க் முறைதான் சரி. ஆட்டோ கட் ஆகும்வரை பெட்ரோல் நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். ஓட்டிவிட்டு அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில், மீண்டும் ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். 412 கி.மீ. ஓடி 27.4 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 15. ஒரு டேங்க் கணக்கு போதாது, மூன்று டேங்க் எடுத்து மொத்தக் கி.மீ.யை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும்.

அளக்கத் தொடங்குவதற்கு முன் டயர் காற்றை டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள். சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த இரண்டுக்கும் சென்சாரைக் குற்றம் சொல்லி ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டு.

இன்னொன்று, இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது (இ10 என்றால் 10 சதவீதம்). எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலில் கிடைப்பதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். இ10-க்கு டியூன் செய்த பழைய வடிவமைப்புக் கார்களில் இ20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம்வரை குறையும் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையே சொல்கிறது. 17 கொடுத்த கார் 16-க்கு வந்தால் அது பெட்ரோலின் வேலையாக இருக்கலாம். 13-க்கு வந்தால் நிச்சயம் காரில் ஏதோ இருக்கிறது.

2. காகிதங்களை ஒரு கவரில் போடுங்கள்

வேலையைத் தொடங்குவதற்கு முன் இவை கையில் இருக்க வேண்டும்:

- ஓனர்ஸ் மேனுவல். பிளக் நம்பர், கேப் (பிளக் நுனியில் இருக்க வேண்டிய இடைவெளி), ஆயில் கிரேடு, மாற்ற வேண்டிய கி.மீ. எல்லாம் இதில்தான்.
- வாரண்டிப் புத்தகம். பெரும்பாலான கார்களில் எமிஷன் வாரண்டி என்று தனிப் பக்கம் இருக்கும். கேட்கான், ஆக்சிஜன் சென்சார் மாதிரி விலை கூடிய பாகங்கள் அதில் அடங்குகின்றனவா, எத்தனை வருடம், எத்தனை கி.மீ. என்று வரிவிடாமல் படியுங்கள். செல்லத்தக்க புகைச் சான்றிதழும் சர்வீஸ் பதிவும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை.
- பழைய புகைச் சான்றிதழ்கள், கிடைத்தவரை எல்லா வருடத்துக்கும். ஏன் என்பது 9-ஆம் படியில்.
- ஆர்சி நகல். ஸ்பேர் கடையில் சேசிஸ் நம்பர் கேட்பார்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கிய சென்சார் பாதி நேரம் பொருந்தாது. ஒரே மாடலில் பிஎஸ்4-க்கு ஒன்று, பிஎஸ்6-க்கு வேறு ஒன்று.

3. ஒரு ஸ்கேனர் வாங்கிக்கொள்ளுங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் செருகும் புளூடூத் ஓபிடி அடாப்டர் 500 முதல் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. போனில் இலவச ஆப் போதும். ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை ஸ்கேன் செய்யக் கேட்கும் காசிலேயே இது வந்துவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் புளூடூத் லோ எனர்ஜி அல்லது வைஃபை வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

செக் என்ஜின் லைட் எரியாவிட்டாலும் இதை மாட்டிப் பாருங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் சென்சார் முழுதாகச் சாகும்வரை லைட்டை எரிய விடாமல் மைலேஜை மட்டும் தின்றுகொண்டிருக்கும்.

ஈசியூ பதிவு செய்த பழுதுக் குறியீடு (கோடு) ஏதாவது இருந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழிக்க வேண்டாம். கோடு விழுந்த நொடியில் என்ஜின் சூடு எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பது ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பகுதியில் பதிவாகியிருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். “லைட்டை ஆஃப் பண்ணிட்டேன் சார், சரியாயிடுச்சு” என்று சொல்லும் இடத்தில் அழிவது பழுது இல்லை, தடயம்.

அடுத்து லைவ் டேட்டாவில் மூன்றைப் பாருங்கள்: கூலன்ட் சூடு, ஷார்ட் டேர்ம் ஃபியூயல் ட்ரிம், லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம். ஈசியூ தன் அடிப்படைக் கணக்கைவிட எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் ட்ரிம். லாங் டேர்ம் எண் மைனஸ் 10-க்கும் பிளஸ் 10-க்கும் இடையில் இருந்தால் பரவாயில்லை. இ10-க்குக் கணக்குப் போட்ட காரில் இ20 ஊற்றினால் அதுவே நாலைந்து சதவீதம் பிளஸில் தள்ளும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

- ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) பிளஸ் 15, ரேஸ் செய்து 2,500 ஆர்பிஎம்மில் வைத்தால் பிளஸ் 3: எங்கோ ஹோஸ் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது.
- இரண்டிலும் பிளஸ் 15-க்கு மேல்: பெட்ரோல் போதவில்லை (பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர்), அல்லது உள்ளே போகும் காற்றை அளக்க உதவும் மேப் அல்லது மாஃப் சென்சார் தப்பாகச் சொல்கிறது, அல்லது ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக்.
- மைனஸ் 15: கலவை அடர்த்தி. இன்ஜெக்டர் ஒழுகல், மூடாத பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை என்ஜினுக்குள் விடுவது), அல்லது என்ஜின் ஆயிலில் பெட்ரோல் கலந்து ஆவியாகி வருவது.

பேட்டரி கழற்றி மாட்டிய உடனே இந்த எண்களைப் பார்த்துப் பயனில்லை. பல கார்களில் ஈசியூ கற்றதெல்லாம் அழிந்திருக்கும். நூறு, இருநூறு கி.மீ. ஓட்டிய பிறகு பாருங்கள்.

4. காசு அதிகம் ஆகாதவற்றை முடியுங்கள்

என்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டில் தொடங்கலாம். நம் ஊர் மெக்கானிக்குகள் பலரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வண்டி ஒருமுறை ஓவர்ஹீட் ஆனால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு, “இனிமே சூடே ஆகாது” என்பார்கள். உண்மைதான், சூடே ஆகாது. அதுதான் பிரச்சினை. என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து ஈசியூ கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும். இப்போதைய கார்கள் பலவற்றில் சூட்டு முள் கிடையாது, நீல விளக்கு அணைந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். ஸ்கேனரில் பாருங்கள்: காலையில் ஸ்டார்ட் செய்து 15 நிமிடம் ஓட்டினால் கூலன்ட் 80 டிகிரியைத் தாண்ட வேண்டும், பிறகு 85-க்கும் 100-க்கும் நடுவில் நிலைக்க வேண்டும். பைபாஸில் போகும்போது 65, 70 என்று இறங்கினால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது, அல்லது உள்ளே வால்வே இல்லை. பி0128 என்ற கோடும் வரலாம். வால்வு 500 முதல் 1,500 ரூபாய், கூலன்ட்டும் கூலியும் தனி. பழைய காரை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

ஹோஸ்கள். என்ஜின் ஹெட்டிலிருந்து இன்டேக்குக்குப் போகும் பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பர்ஜ் வால்வு ஹோஸ் மூன்றையும் விரலால் வளைத்துப் பாருங்கள். நம் வெயிலுக்கு ரப்பர் ஐந்தாறு வருடத்தில் விறைத்து, வளைவின் அடிப்பக்கத்தில் முடி போல் வெடிக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினால் பெரும்பாலானவற்றில் கடகட என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஆயில் பிசுக்கில் ஒட்டிக்கொண்டது. வால்வு சில நூறு ரூபாய்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும். இன்ஜெக்‌ஷன் காரில் காற்று குறைந்தால் ஈசியூ பெட்ரோலையும் குறைத்துவிடும். பிக்கப் போகும், மைலேஜ் பெரிதாகப் போகாது. ஆகவே மைலேஜுக்காக ஏர் ஃபில்டர் மாற்றினேன் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். தூசி உள்ளே போகக் கூடாது என்பதற்காக மேனுவல் சொல்லும் கி.மீ.யில் மாற்றுங்கள். 200 முதல் 600 ரூபாய். கம்ப்ரசர் காற்றை அழுத்தி ஊதினால் காகிதம் கிழியும். ஆயில் தடவும் ஸ்போர்ட்ஸ் ஃபில்டரில் ஆயில் அதிகமானால் மாஃப் சென்சார் கம்பியில் படிந்து அளவு தப்பும்.

என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தால் ஐடிலில் ஆர்பிஎம் ஏறி இறங்கும். சுத்தம் செய்ய 500 முதல் 1,000 ரூபாய். எலெக்ட்ரானிக் த்ராட்டிலின் தட்டைக் கையால் தள்ளித் திறக்கக் கூடாது, உள்ளே இருக்கும் பல்சக்கரம் போகும். சுத்தம் செய்தபின் ஐடில் ரீலேர்ன் (ஈசியூவுக்கு ஐடில் அளவைப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது) செய்தார்களா என்று கேளுங்கள். மாஃப் சென்சார் இருந்தால் அதற்கென்று விற்கும் ஸ்பிரே மட்டும்தான், கார்புரேட்டர் கிளீனரை அடித்தால் சென்சார் போச்சு.

பெட்ரோல் போடும்போது ஆட்டோ கட் ஆன பிறகு “ரவுண்ட் பண்ணிடுப்பா” என்று சொல்லாதீர்கள். டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதுதான் சார்கோல் கேனிஸ்டர். கழுத்துவரை நிரப்பினால் ஆவிக்குப் பதில் திரவப் பெட்ரோலே அதற்குள் போய்விடும். கரி ஊறிப்போய், பர்ஜ் வால்வு திறக்கும்போதெல்லாம் கணக்கில் வராத பெட்ரோல் என்ஜினுக்குள் போகும். பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆகத் திணறினால் சந்தேகம் இங்கேதான்.

5. ஸ்பார்க் பிளக்: மாற்றுவதற்கு முன் வாசியுங்கள்

என்ஜின் முழுதாக ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்து வரும், அந்தச் செலவு பிளக்கைப் போல் இருபது மடங்கு. குழியைச் சுற்றி இருக்கும் மண்ணைக் காற்றால் ஊதிவிட்டுத் திருகுங்கள். எந்தப் பிளக் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசையாக வையுங்கள்.

நுனியில் வெள்ளைப் பீங்கான் இருக்கும். அது பிஸ்கட் நிறத்தில், வெளிறிய காவியாக இருந்தால் அந்த சிலிண்டர் ஆரோக்கியம். விரலில் ஒட்டும் உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமாக, பளபளப்பாகக் கறுத்து ஆயில் வாடை அடித்தால் வால்வ் சீலோ ரிங்கோ வழியாக ஆயில் இறங்குகிறது. சுண்ணாம்பு போல் வெளுத்து, நுனியில் சிறு கொப்புளங்கள் இருந்தால் பெட்ரோல் பற்றாமல் அதிகச் சூட்டில் எரிகிறது. நான்கும் ஒரே நிறம் என்றால் காரணம் பொதுவானது: சென்சார், தெர்மோஸ்டாட், பெட்ரோல் பிரஷர். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்த சிலிண்டரின் காயிலையும் (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) இன்ஜெக்டரையும் பாருங்கள். இதைப் பார்க்காமல் பழைய பிளக்கைக் குப்பையில் போடுவது, எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் படத்தைக் கிழித்துப் போடுவதுபோல.

சாதாரண நிக்கல் பிளக் ஒன்று 100 முதல் 200 ரூபாய், இரிடியம் 500 முதல் 900. கேப் மேனுவலில் சொன்னபடி, பெரும்பாலும் 0.8-க்கும் 1.1 மி.மீ.க்கும் இடையில். இரிடியம் நுனி ஊசி போல் மெல்லியது, காசு வடிவக் கேப் கருவியைத் திணித்தால் உடையும். இரிடியத்தில் போலி நிறைய வருகிறது. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்க வேண்டாம்.

பிளக்கோ காயிலோ பழுதாகி மிஸ்ஸிங் ஆகி (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போய்), செக் என்ஜின் லைட் எரிவதற்குப் பதில் சிமிட்டினால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுங்கள். “வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்” என்று 20 கி.மீ. ஓட்டினால் எரியாத பெட்ரோல் கேட்கானுக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். 1,500 ரூபாய் காயில் பழுது, 40,000 ரூபாய் பழுதாகும் இடம் இதுதான்.

6. ஆக்சிஜன் சென்சார்

கேட்கானுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பெட்ரோல் கணக்கு முன்சென்சாரை நம்பித்தான் நடக்கிறது. பின்னால் இருப்பதன் முக்கிய வேலை கேட்கானைக் கண்காணிப்பது. மைலேஜுக்காகப் பின்சென்சாரை மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

என்ஜின் சூடான பிறகு, 2,500 ஆர்பிஎம்மில் வைத்து ஸ்கேனரில் கிராஃப் போடுங்கள். பழைய வகை நேரோபேண்ட் சென்சார் என்றால் முன்சென்சாரின் கோடு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் குதிக்க வேண்டும். வாள்பல் மாதிரி தெரியும். நன்றாக இருக்கும் சென்சாரில் ஏற்றமும் இறக்கமும் செங்குத்து. வயதான சென்சாரில் அலை சோம்பலாக, மேடு பள்ளமாக உருளும். 0.45-லேயே படுத்துவிட்டால் வயர் விட்டுவிட்டது, அல்லது சென்சார் செத்துவிட்டது. பிஎஸ்6 கார்கள் பலவற்றில் முன்னால் இருப்பது வைடுபேண்ட் வகை. அதற்கு இந்த வோல்ட் கணக்கு செல்லாது, காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்திருக்கின்றனவா என்று சொல்லும் லாம்டா எண் 1.00-ஐ ஒட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இது தெரியாமல் “கோடு குதிக்கலை, சென்சார் போச்சு” என்று நல்ல சென்சாரைக் கழற்றிப் போடுவது அடிக்கடி நடக்கிறது.

சென்சார் மீது பழி போடுவதற்கு முன் எக்ஸாஸ்ட் லீக் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் சிறு ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து “பெட்ரோல் பத்தலை” என்று சொல்லும், ஈசியூ கூட்டிக்கொடுக்கும், மைலேஜ் விழும். சென்சார் உண்மையைத்தான் சொன்னது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பானெட்டைத் திறந்து வைத்துக் கேளுங்கள்: டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்து, இரும்பு சூடேறி விரிந்ததும் நின்றுவிட்டால் அதுதான் லீக். கேஸ்கெட் சில நூறு ரூபாய், கூலிதான் அதிகம்.

பி0135 கோடு வந்தால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் சர்க்யூட் பிரச்சினை. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பல நேரம் ஃபியூஸோடு முடிந்துவிடும், அல்லது எலி வயரைக் கடித்திருக்கும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்: என்ஜின் லேசான சூட்டில் இருக்கும்போது 22 மி.மீ. ஸ்லாட் சாக்கெட்டால் கழற்றுவது எளிது. புதிய சென்சாரின் மரையில் கம்பெனியே கிரீஸ் தடவி அனுப்பும், மேலும் தடவ வேண்டாம், நுனியில் படவே கூடாது. பக்கத்தில் எங்கும் சாதாரண சிலிக்கான் கம் போடக் கூடாது, அதன் ஆவியே சென்சாரைக் கொல்லும். வயரை வெட்டி ஒட்டும் யூனிவர்சல் வகையைத் தவிருங்கள், உங்கள் காருக்கான சாக்கெட்டோடு வருவதை வாங்குங்கள். என்டிகே, பாஷ், டென்சோ போன்றவை 2,500 முதல் 6,000 ரூபாய், வைடுபேண்ட் இன்னும் கூடும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் சேசிஸ் நம்பரைக் காட்டி விசாரித்தால் விலை வித்தியாசம் தெரியும். புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடுவதில் தப்பில்லை, ஆனால் ஆக்சிஜன் சென்சாரை மட்டும் பழசாக வாங்காதீர்கள். அது பிளக்கைப் போலத் தேயும் பொருள், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவிப் போடுவதும் பயன் தராது.

7. கேட்கான்: கடைசியில்தான்

கேட்கான் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கோடு வந்தவுடன் அதை மாற்றச் சொல்வார்கள். கேட்கான் தானாகப் போவது அபூர்வம். மிஸ்ஸிங், அடர்த்தியான கலவை, ஆயில் எரிவது, கூலன்ட் கசிவு, இவற்றில் ஒன்று அதைக் கெடுத்திருக்கும். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

சோதனை மூன்று. ஸ்கேனரில் பின்சென்சாரின் கிராஃப் கோடு 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் போனால் கேட்கான் வேலை செய்கிறது, முன்சென்சார் போலவே குதித்தால் களைத்துவிட்டது. ஆறிய நிலையில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே கலகல என்று கேட்கிறதா? பீங்கான் உடைந்திருக்கிறது. மூன்றாவது, அடைப்பு: முன்சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டினால் ஐடிலில் 1.5 பிஎஸ்ஐக்குள்ளும் 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்குள்ளும் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் புகை வெளியேற வழியில்லாமல் என்ஜின் மூச்சு முட்டுகிறது. மைலேஜும் பிக்கப்பும் சேர்ந்து விழுவதும், 80-க்கு மேல் வண்டி ஏற மறுப்பதும் இதன் அறிகுறி.

விலை மாடலைப் பொறுத்து 20,000-லிருந்து 60,000-க்கு மேலும் போகும். இங்கே இரண்டு பொறிகள். “உள்ள இருக்கறத உடச்சு எடுத்துட்டா மைலேஜ் ஏறும்” என்பது முதலாவது. அடைக்காத கேட்கானை எடுப்பதால் மைலேஜ் ஏறாது, புகைச் சோதனையில் தோற்பீர்கள், செய்வதும் சட்டவிரோதம். இரண்டாவது, பழைய கேட்கான். உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் பழசுக்கே ஆயிரக்கணக்கில் விலை உண்டு. மாற்றும்போது பழசை உங்கள் கையில் தரவேண்டும், அல்லது பில்லில் கழிக்கவேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

8. டீசல் கார்க்காரர்களுக்கு

பிஎஸ்6 டீசலில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. நிறைந்ததும் கூடுதல் டீசல் செலுத்தி 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக் கரியை எரிக்கும், அதுதான் ரீஜெனரேஷன். தினமும் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு 4 கி.மீ. மட்டும் ஓட்டினால் இது பாதியிலேயே நின்று நின்று மீண்டும் தொடங்கும். மைலேஜ் குறைவது அங்கேதான். எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறினால் சந்தோஷப்படாமல் உடனே மாற்றுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை 20, 25 நிமிடம் பைபாஸில் 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் ஓட்டுங்கள். நிறுத்தும்போது ஐடில் வழக்கத்தைவிட உயர்ந்து, ஃபேன் சத்தமாக ஓடி, சுட்ட வாடை வந்தால் ரீஜெனரேஷன் நடக்கிறது. அணைக்காமல் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். டிபிஎஃப் லைட் எரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மூலம் கட்டாய ரீஜெனரேஷன்தான் வழி. அடிக்கடி நிறைகிறது என்றால் இஜிஆர் வால்வில் (புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பிவிடுவது) கரி, டர்போ ஹோஸில் லீக், இன்ஜெக்டர் ஒழுகல், இந்த மூன்றையும் பாருங்கள். ஆயில் மேனுவலில் சொன்ன லோ சாப்ஸ் வகையாக இருக்க வேண்டும். மற்ற ஆயில் எரிந்தால் வரும் சாம்பல் டிபிஎஃப்பில் நிரந்தரமாகத் தங்கும், எந்தச் சூட்டிலும் எரியாது.

ஆட்புளூ (டீசல் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியாக் கரைசல்) ஊற்றும் கார் என்றால் 32.5 சதவீத யூரியா, ஐஎஸ்ஓ 22241 என்று போட்ட, சீல் உடையாத கேன் மட்டும். தண்ணீர் கலக்கவோ, வெயிலில் வைக்கவோ கூடாது. தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பக்கூட வேண்டாம், டோ செய்து டேங்கைக் காலி பண்ணுங்கள்.

9. புகைப் பரிசோதனையை உங்கள் லேப் ரிப்போர்ட்டாக மாற்றுங்கள்

புதுக்காருக்குப் பதிவான நாளிலிருந்து முதல் ஒரு வருடம் தேவையில்லை. பிறகு பிஎஸ்4, பிஎஸ்6 வண்டிகளுக்கு ஒரு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல்முறையே 10,000 ரூபாய்வரை அபராதம், மூன்று மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும்.

பெட்ரோல் பங்க்கில் இருக்கும் மையத்துக்கு 15 கி.மீ. ஓட்டிய சூட்டோடு போங்கள். வரிசையில் அரை மணி நேரம் அணைத்துப் போட்டால் கேட்கான் ஆறி, நல்ல காரே தோற்கும். ஏசியை அணையுங்கள். குழாய் சைலன்சருக்குள் ஒரு அடி ஆழம் போக வேண்டும், நுனியில் செருகினால் வெளிக்காற்று கலந்து எண் பொய்யாகும். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துவிட்டு, குழாயைச் செருகாமலே தாள் கொடுக்க வந்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம். காசு கொடுப்பது அந்த எண்களுக்காகத்தான்.

பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள். 2,500 ஆர்பிஎம்மில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள், லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில். டீசலுக்கு பிஎஸ்4 என்றால் 1.62, பிஎஸ்6 என்றால் 0.7 என்ற புகை அடர்த்தி அளவுக்குள். டீசல் சோதனையில் முழு ஆக்சிலேட்டர் அழுத்துவார்கள், அதனால் ஆயில் அளவையும் டைமிங் பெல்ட்டின் வயதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

பாஸ் என்பதோடு மடித்து வைக்காமல் எண்களைப் படியுங்கள். கார்பன் மோனாக்சைடு மட்டும் ஏறினால் பெட்ரோல் அதிகம் போகிறது: 4, 6 படிகள். ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறினால் மிஸ்ஸிங்: 5-ஆம் படி. இரண்டும் ஏறினால் கேட்கான் ஆறியிருக்கிறது அல்லது களைத்துவிட்டது. இரண்டும் குறைவாக இருந்து லாம்டா மட்டும் 1.03-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சைலன்சரில் ஓட்டை. போன வருடம் 0.02 இருந்தது இந்த வருடம் 0.19 என்றால் சட்டப்படி பாஸ்தான், ஆனால் மைலேஜ் எங்கே போகிறது என்பதற்கான பதில் அந்தத் தாளில் இருக்கிறது.

தாளில் மை வெயிலில் மங்கும், போனில் போட்டோ எடுத்துவிடுங்கள். மையத்தைவிட்டுக் கிளம்புவதற்கு முன் எம்பரிவாஹன் ஆப்பில் புதிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அங்கேயே நின்று ஏற்றச் சொல்ல வேண்டும். போலீஸ் பார்ப்பது ஆன்லைனில் இருப்பதைத்தான்.